எட்டுத் துணுக்கு

தையல்காரரின் மனைவிக்கு இருபது வருடமாகச் சர்க்கரை, இரண்டு வருடமாக மறதி. பிள்ளைகள் கிடையாது. "தினம் தீப்பெட்டி அளவு கேக் சாப்பிடட்டும், அதுக்கு மேல வேண்டாம்" என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

சாயங்காலம் நாலு மணிக்குக் கொடுப்பார். கண்ணை மூடி ருசித்துத் தின்பாள். வாய் துடைத்த ஈரம் காய்வதற்குள், "இன்னைக்கு எனக்கு ஒண்ணுமே குடுக்கலையே?" என்பாள்.

"இப்பத்தானே சாப்பிட்டே?"

"வாய் கூசாமப் பொய் சொல்றீங்களே!" என்று அழுவாள்.

ஒரு வாரம் வாதாடிப் பார்த்தார். பிறகு, துணி வெட்டிப் பழகிய கை அதே தீப்பெட்டி அளவு கேக்கை எட்டாக வெட்டியது. கேட்கும்போதெல்லாம் ஒரு துணுக்கு. எட்டுத் தடவையும் அவளுக்கு அதுதான் அன்றைய முதல் வாய். "நல்லாயிருக்குங்க, நீங்களும் ஒரு வாய் சாப்பிடுங்க" என்பாள். வீட்டில் மறுபடி சிரிப்புச் சத்தம் கேட்டது.

ஒரு நாள் மாத்திரை வாங்கப் போனவர் வரிசையில் மாட்டிக்கொண்டார். அவள் பக்கத்து வீட்டு டீச்சரிடம் போய், "மனுஷன் என்னைப் பட்டினி போடுறாரும்மா" என்று அழுதிருக்கிறாள். டீச்சருக்கு மனசு கேட்கவில்லை. வீட்டில் இருந்த கேக்கைத் தட்டு நிறையக் கொடுத்தாள். அன்றோடு நிற்கவுமில்லை. அவர் வெளியே கிளம்பும்போதெல்லாம் சுவருக்கு மேலாகத் தட்டு வந்தது. இரண்டு மாதம் அவருக்குத் தெரியாது.

அவள் காலில் செருப்புக் கடித்த புண் ஆறாமல் கறுத்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் டீச்சர் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். "நீங்க கொடுமைப்படுத்துறீங்கன்னு நினைச்சிட்டேன் சார். அவங்களுக்கு மறதின்னு சத்தியமாத் தெரியாது."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. நாலு பேர் பைத்தியம் என்பார்களே என்று பயந்து, அவளுடைய மறதியை அக்கம்பக்கத்தில் மூச்சு விடாமல் மறைத்தவர் அவர்தானே.

வீட்டுக்கு வந்த அன்று, "என் கால் எங்கங்க?" என்று கேட்டாள். உள்ளதைச் சொன்னார். அலறினாள். கால் மணி நேரத்தில் மறந்து மறுபடி கேட்டாள். மறுபடி சொன்னார். முதல் தடவை கேட்பதைப் போலவே அலறினாள்.

மூன்றாம் தடவை போர்வையை இடுப்புவரை இழுத்து மூடினார்.

"கட்டுப் போட்டிருக்கும்மா. அசைக்காதே."

"எப்ப அவிழ்ப்பாங்க?"

"சீக்கிரமே."

"சரிங்க" என்று தலையாட்டிவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த தடவை அவள் கேட்பதற்காக அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.