கும்மாளத்துக்கு ஒரு நாள் லீவு

டைப்பிஸ்டுக்கு அலுவலகத்தில் வைத்த பெயர் அகராதி. நிறையச் சொல் தெரிந்தவள் என்பதற்காகப் பாதி, கொஞ்சம் திமிர் பிடித்தவள் என்பதற்காகப் பாதி. இரண்டும் உண்மைதான். தொழிற்சாலையில் யார் லீவு கேட்டாலும் கடிதம் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்பது தலைமை அலுவலகம் போட்ட சட்டம். எழுத வராதவர்கள் எல்லாரும் அவள் மேஜைக்குத்தான் வருவார்கள். வந்தவர் ஒரு வரி சொன்னால் போதும், மீதியை அவளே ஜோடித்துவிடுவாள். ஏன், எதற்கு என்று கேட்கிற வழக்கமே கிடையாது.

அன்றைக்கு விசாரணை. மாட்டிக்கொண்டவர் பாய்லர்காரர், இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். சரக்கு அனுப்பும் வாரத்தில் தவிர்க்கவே முடியாத காரணம் இருந்தால்தான் லீவு. அந்த வாரத்தில்தான் அவர் ஒரு நாள் போயிருந்தார். மாற்று ஆள் சொதப்பியதில் பாய்லர் ஆறு மணி நேரம் நின்றுபோனது.

எதிரே தலைமை அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி. அவர் பக்கத்தில், கடிதத்தைப் படிக்காமலே லீவு கொடுத்த மேனேஜர், இருக்கிற இடம் தெரியாமல். ஓரத்தில் கம்ப்யூட்டரோடு குறிப்பெடுக்க அகராதி.

"எதுக்கு லீவு போட்டீங்க?"

"குடும்பத்துல எல்லாரும் கூட வேண்டியிருந்துதுங்க."

"தெரியுது. தைரியமா எழுதியே குடுத்திருக்கீங்களே!" அதிகாரி கடிதத்தைத் திருப்பி வைத்து ஒரு சொல்லின் மேல் விரலை ஊன்றினார். ஷிண்டிக்.

அது அகராதி போட்ட சொல். பாய்லர்காரர் அவளிடம் சொன்னது இவ்வளவுதான்: "எல்லாரும் கூடுறோம்மா, நான் போயே ஆகணும்." அதற்குச் சாதாரணமாக ஒரு சொல் இருக்கத்தான் செய்தது. ஆயிரம் தடவை அடித்து அவளுக்கு அது சலித்துப்போயிருந்தது. பத்திரிகையில் புதிதாகப் பார்த்த சொல் நாக்கு நுனியிலேயே நின்றது. கூட்டம் கூடுவது என்ற மட்டில் பொருந்துகிறதே என்று போட்டுவிட்டாள். போட்டுவிட்டுத் தன்னைத்தானே மெச்சிக்கொண்டாள், பாவி.

"அம்மா, உங்க இங்கிலீஷ் பிரமாதம்னு மேனேஜர் சொல்றார். திங்கட்கிழமை உங்களை நிரந்தரம் பண்ற ஆர்டர்ல நான்தான் கையெழுத்துப் போடணும். இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு இவருக்குச் சொல்லுங்க."

அவள் நான்கு வருஷமாகக் காத்திருக்கும் ஆர்டர்.

"பார்ட்டி சார். ஆட்டம் பாட்டத்தோட நடக்கறது. கும்மாளம்னு வெச்சுக்கலாம். லெட்டர்ல எழுதற வார்த்தை இல்ல, சிநேகிதங்களுக்குள்ள பேச்சோட பேச்சா சொல்றது."

"கும்மாளமா?" பாய்லர்காரர் அவளைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"யார் எழுதிக் குடுத்தது?"

"படிக்கத் தெரியாம கையெழுத்துப் போட்டது என் தப்புங்க. வேற யாரையும் இழுக்க வேணாம்."

ஒரு வார்த்தை சொன்னால் மனுஷன் தப்பிக்கலாம். சொல்ல மாட்டார் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. அவளும் வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை. அதிகாரி வேலைநீக்கத் தாளை எடுத்துப் பேனா மூடியைக் கழற்றினார்.

"நான்தான் எழுதினேன் சார்." குரல் அவள் நினைத்ததைவிட உரக்க வந்தது. "கூடுறோம்னுதான் அவர் சொன்னார். அந்த வார்த்தை என்னோடது. அழகா இருக்கேன்னு போட்டுட்டேன்."

"அழகா இருக்கேன்னு." அதிகாரி வேறொரு தாளை உருவினார். அது அவளுடைய ஆர்டர். இரண்டாக மடித்துப் பைக்குள் செருகினார். "இதை அப்புறம் பார்ப்போம்." இந்தக் கம்பெனியில் அப்புறம் என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். "இப்ப இங்கேயே புதுசா எழுதுங்க. இவர் சொல்ற காரணத்தை மட்டும். நியாயமா இருந்தா இவர் வேலையில இருக்கட்டும்."

அவள் கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். எழுதிக் கொடுத்த அன்றே கேட்டிருக்க வேண்டியதை இப்போதுதான் கேட்டாள்.

"எதுக்குண்ணே எல்லாரும் கூடினீங்க?"

பாய்லர்காரர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "எங்க அண்ணன் பதினோரு நாளா மெஷின்லதான் மூச்சு விட்டுக்கிட்டிருந்தார்மா. எடுத்துடலாமான்னு டாக்டர் கேட்டார். கூடப் பொறந்தவங்க எல்லாரும் வந்து சரின்னு சொல்லணும்னாங்க."

விளிம்பை விடாமலே அவர் தொடர்ந்தார்.

"லீவு கிடைச்சு நான்தான் கடைசியா போய்ச் சேர்ந்தேன். நான் வந்து சொல்லட்டும்னு காத்துக்கிட்டிருந்தாங்க. சொன்னேன்."

அதிகாரி பேனாவை மூடி வைத்தார். "நீங்க பாய்லருக்குப் போங்க" என்றார். பாய்லர்காரர் எழுந்து போன பிறகும் அகராதிக்கு முதல் வரி வரவில்லை.