மார்கழிக்கான அறை

சிங்காரவேலு அளவு டேப்பை வேட்டி மடிப்புக்குள் ஒளித்துக்கொண்டுதான் கேட்டைத் திறந்தார். ஒளித்து என்ன பிரயோஜனம், எதிர்வீட்டில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்சம் நிமிர்ந்து பார்த்துவிட்டாள். கீழ்வேளூருக்குத் தெற்கே இருக்கிற அந்த ஊரில் ஜன்னல் செய்வதும் அவர்தான், சவப்பெட்டி செய்வதும் அவர்தான். ஜன்னல் வேண்டியவர்கள் அளவைத் தாளில் எழுதிக்கொண்டு அவருடைய பட்டறைக்குப் போவார்கள். அவரே டேப்போடு ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் அங்கே யாரோ போய்விட்டார்கள் என்று அர்த்தம்.

“உள்ள வரட்டுமா தங்கச்சி?” என்று வாசலிலேயே நின்று கேட்டார். “ஐயா மூணு தடவ சொல்லி அனுப்பிட்டாரு.”

வேண்டாம் என்று சொல்லத்தான் அருள்செல்விக்கு வாய் வந்தது. அதற்குள் உள்ளிருந்து அப்பாவின் குரல் கேட்டது.

“சிங்காரவேலுவா? வாய்யா. தாள்ல எழுதுன அளவுக்குக் கண்ணாடி வெட்டுனா ஒண்ணும் பொருந்தாது. நீயே வந்து பாரு.”

அவள் அப்பா பெரியநாயகசாமி, பாதி கட்டிய புது அறையில் கட்டிலில் சாய்ந்திருந்தார். புரட்டாசி வெக்கையில் ஊரே விசிறிக்கொண்டிருக்க, அவர் ஸ்வெட்டரும் தலையில் மப்ளருமாக இருந்தார். ஆனி மாதத்திலிருந்தே அவருக்குக் குளிர்தான். கனடாவில் இருக்கிற மகன் ஆன்டோ, போன குளிர்காலத்தில் எடுத்த ஒரு போட்டோ அனுப்பியிருந்தான். வெளியே முழங்கால் அளவுக்குப் பனி. அவனோ ஒரு கண்ணாடி அறைக்குள் வெறும் பனியனோடு சிரித்துக்கொண்டு நின்றான். அதைப் பார்த்த நாளிலிருந்து, நமக்கும் இப்படி ஒன்று கட்ட வேண்டும் என்று அப்பா ஒற்றைக்காலில் நின்றார்.

முப்பத்தோரு வருஷம் பொதுப்பணித்துறையில் லஸ்கராக இருந்து வாய்க்கால் மதகுகளைத் திறந்து மூடியவர் அவர். தண்ணீர் எந்தப் பக்கம் எப்போது ஏறும் என்று முன்கூட்டியே சொல்லிப் பழக்கம். வெயிலையும் அப்படித்தான் கணக்குப் போட்டார். காலண்டர் தாளின் பின்பக்கம் படம் வரைந்து மகளிடம் காட்டினார். “ஐப்பசி மழ கெழக்கேருந்து சாய்ச்சு அடிக்கும், அங்க செவுரு. மேக்க வெயில் கண்ணக் குத்தும், அங்கயும் செவுரு. கண்ணாடி தெக்க மட்டும். மார்கழி, தையில சூரியன் தெக்க சாயும் பாரு, நேரா கட்டில்லதான் வுழும்.”

அருள்செல்வி தலையாட்டினாள். தஞ்சாவூர் டாக்டர், புற்று ஈரல் முழுக்கப் பரவிவிட்டது என்றும், மிஞ்சினால் மூன்று மாதம் என்றும் சொல்லி அப்போது பத்து நாள்தான் ஆகியிருந்தது. முன்பு செத்துப்போன அம்மாவிடம் அவளுடைய வியாதியைச் சொன்னதற்கு, மறுநாளே அவள் சோற்றை நிறுத்திவிட்டாள். அப்பாவுக்கு மட்டும் தெரியவே கூடாது என்று அக்காவும் தம்பி ஆன்டோவும் போனில் முடிவெடுத்தார்கள். அதனால் அவள் செங்கல் இறக்கினாள், கொத்தனாரை விரட்டினாள், கிறிஸ்துமஸுக்கு ஆன்டோ வரும்போது இங்கேதான் உட்கார்ந்து கேக் வெட்டப்போகிறோம் என்று தினமும் வாய் கூசாமல் சொன்னாள். மாதா கோயில் சாமியாரைக்கூட அழைக்கவில்லை. சாகக் கிடப்பவர்களுக்குப் பூசும் எண்ணெயோடு அவர் வந்தால் எல்லாம் தெரிந்துபோகும்.

இப்போது சுவர்கள் எழும்பி, மேலே தளமும் போட்டாயிற்று. பூசாத செங்கலும் சிமெண்டு ஈரமுமாக அறை பட்டப்பகலிலும் வெயில் எட்டாமல் நிழலாகத்தான் இருந்தது. அப்பா பிடிவாதமாகக் கட்டிலை அங்கேயே போடச் சொல்லியிருந்தார்.

சிங்காரவேலு டேப்பை நீட்டினார். “அகலம் பதினோரு அடி நாலு அங்குலங்க.”

“ரெண்டு பக்கமும் கால் அங்குலம் விடு. மரம் மழையில ஊதும்” என்றார் அப்பா. அவர் குரலில் உற்சாகம் இருந்தது.

அப்போதுதான் மாதா கோயில் மணி அடித்தது. ஓர் அடி. நீண்ட இடைவெளி. இன்னொரு அடி.

சிங்காரவேலுவின் கை நின்றுவிட்டது. டேப்பைப் பார்த்த அம்சம் கோயிலுக்குச் சொல்லிவிட்டாள் என்று அவருக்கும் அவளுக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது.

“துக்க மணியில்ல அடிக்கிது? யாரு செல்வி?”

“தெரியலப்பா.”

கண்ணாடி போடாத தெற்குப் பக்கம் முழுக்கத் திறந்து கிடந்தது. கட்டிலில் இருந்து பார்த்தால் தெருக்கோடி வரைக்கும் தெரியும். அப்பா ஆசைப்பட்டுச் செய்த ஏற்பாடு அது. முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அம்சம் வருவது தெரிந்தது. அவளுக்குப் பின்னால் நாலைந்து பெண்கள், ஒருத்தி கையில் மாலை. அருள்செல்வி ஓடிப்போய்க் கையை ஆட்டித் தடுப்பதற்குள் அம்சம் குரலெடுத்துவிட்டாள்.

“எங்கள வுட்டுட்டுப் போயிட்டீங்களே லஸ்கரய்யா...”

அந்தச் சத்தம் அறை வரைக்கும் வந்து அப்படியே நின்றது. லஸ்கரய்யா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்சத்துக்கு வாய் மூடவில்லை. மாலை வைத்திருந்தவள் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

“வீட்டுக்குப் போங்கம்மா. நா இன்னும் இருக்கேன்” என்றார் அவர்.

அவர்கள் போனதும் டேப்பைப் பார்த்தார், சிங்காரவேலுவைப் பார்த்தார், கடைசியில் மகளின் முகத்தைப் பார்த்தார்.

“டாக்டரு எத்தன மாசம்னாரு?”

இனி எந்தப் பொய்யும் நிற்காது என்று அவளுக்குத் தெரிந்தது. “மூணுப்பா.”

“எப்ப சொன்னாரு?”

“ஆனி கடைசில.”

அவர் விரல் விட்டு எண்ணினார். ஆடி, ஆவணி, புரட்டாசி. பிறகு கண்ணாடி இல்லாத அந்தத் திறப்பைப் பார்த்தார்.

“ஆனியிலயே சொல்லியிருந்தா கண்ணாடியக் கெழக்க வச்சிருப்பேனே செல்வி. இங்க மார்கழிக்கில்ல வெயில் வரும்.”

திட்டியிருந்தால் தேவலை. அப்பாவைக் காப்பாற்றுவதாக நினைத்து, இந்த மூன்று மாதமும் அவரை நிழலிலேயே உட்கார வைத்திருந்தோம் என்பது அவளுக்கு உறைத்தது. வெட்கத்தில் அவளால் அழக்கூட முடியவில்லை.

சிங்காரவேலுதான் டேப்பைக் கீழே போட்டுவிட்டுக் கட்டிலின் தலைமாட்டைப் பிடித்தார். “அந்தப் பக்கம் தூக்கு தங்கச்சி.”

வீட்டுக்குக் கிழக்கே வெறும் மனை, அதற்கப்பால் அவர்களுடைய வயல். அந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் வராததால் வயல் உழாமல் வெடித்துக் கிடந்தது. மணி மூன்று இருக்கும். வீட்டு நிழல் முடிகிற இடத்தைத் தாண்டிக் கட்டிலைப் போட்டார்கள். கோயிலில் போய் மணி தப்பு என்று சொல்லிவிட்டுப் பட்டறைக்குப் போவதாகச் சிங்காரவேலு கிளம்பினார்.

அப்பா மப்ளரை அவிழ்த்தார். ஆனிக்குப் பிறகு அவர் அதை அவிழ்த்து அவள் பார்க்கவில்லை.

“கையத் தொட்டுப் பாரு” என்றார். தொட்டாள். சூடாகத்தான் இருந்தது.

“ஆன்டோகிட்ட எனக்குத் தெரியும்னு சொல்லிடாத. பயந்துடுவான்.”

“சரிப்பா.”

நிழல் கட்டிலைத் தொட்டபோது இழுத்து நகர்த்தினாள். அவர் கண்ணைத் திறக்காமலே, மதகு போதும் என்று ஆளுக்குச் சைகை காட்டுவது போல, ஒரு விரலைத் தூக்கினார். அடுத்த தடவை நகர்த்தியபோது விரல் அசையவில்லை, மூச்சு மட்டும் விட்டு விட்டு வந்தது. இடையில் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. தப்பாக அழுத வெட்கத்தில் தெருவே கதவைச் சாத்திக்கொண்டிருந்தது.

நாலரைக்கு மேல் அவருடைய கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது. “அப்பா” என்றாள். இன்னொரு தடவையும் கூப்பிட்டாள். மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். தொங்கிய கையை எடுத்து அவர் நெஞ்சின் மேல் வைத்தாள்.

கோயிலுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். கனடாவுக்குப் போன் போட வேண்டும்.

வீட்டு நிழல் கால்மாட்டைத் தாண்டி அவருடைய முழங்காலுக்கு ஏறியிருந்தது. அருள்செல்வி தலைமாட்டுப் பக்கம் போய்க் குனிந்து கட்டிலை இழுத்தாள். கட்டிலின் ஒரு கால் வயல் வெடிப்பில் மாட்டிக்கொண்டது. அதை இரண்டு கையாலும் தூக்கி எடுத்து வைத்துவிட்டு, வெயில் இருந்த பக்கமாக இன்னும் கொஞ்சம் இழுத்தாள்.