அம்மன் தெருவைத் தாண்டும்வரை

சிவநாதனுக்குச் சென்னையில் இருபத்திரண்டு வருஷம் ஓடிவிட்டது. ஒரு பேச்சுக்குச் சொல்லவில்லை. அந்த மனுஷன் உண்மையிலேயே ஓடிக்கொண்டுதான் இருந்தான். லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் சூப்பர்வைசர். கதவு மூடவில்லை, மூன்றாம் மாடியில் நிற்கவில்லை, இறங்கும்போது கிறீச்சிடுகிறது என்று காலையிலிருந்து போன் அடித்தபடி இருக்கும். 'நேர்ல வந்து பேசிக்கிறேன், வைங்க' என்பான். ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது இதைச் சொல்வான். அதில் பத்து இடத்துக்குப் போவான். மீதிப் பேர் மறுநாள் திரும்ப அடிப்பார்கள், அவர்களுக்கும் அதே பதில்தான். பட்டணத்தில் பிழைக்கிறவர்கள் எல்லோரும் இப்படி ஏதாவது ஒன்றைச் சொல்லித்தான் ஆளைத் தட்டிக்கழிக்கிறார்கள். அவனை மட்டும் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை.

வைகாசி மாதத்து வெள்ளிக்கிழமை, விடிந்தும் விடியாமலும் ஊரிலிருந்து தாய்மாமன் திருஞானசம்பந்தம் கூப்பிட்டார்.

"செந்திலுக்கு ரொம்ப முடியலடா. கிட்னி ரெண்டும் போயிட்டு. ஆஸ்பத்திரியில இனிமே ஒண்ணுமில்ல, வீட்டுக்குக் கொண்டுபோங்கன்னுட்டாங்க. முந்தாநாளு கொண்டாந்துட்டோம். உன்னத்தான் கேட்டுக்கிட்டுக் கெடக்கான். கெளம்பி வா."

செந்தில்குமார் அவனுடைய ஒரே தம்பி. அம்பகரத்தூரைத் தாண்டி இரண்டு கிலோமீட்டரில் இருக்கும் சொந்த ஊரிலேயே பயிர் வைத்துக்கொண்டு இருந்தவன். அவனுக்கு உடம்பு சரியில்லை என்பதே அண்ணனுக்கு அப்போதுதான் தெரியும். மூன்று வருஷமாக இருவருக்கும் பேச்சு கிடையாது.

காரணத்தைக் கேட்டால் சிரிப்பு வரும், பிறகு எரிச்சல் வரும். மூன்று வருஷத்துக்கு முன் சிவநாதன் தெரிந்தவர் காலையெல்லாம் பிடித்துத் தம்பிக்கு ஒரு பெரிய அடுக்குமாடியில் வேலை வாங்கிக் கொடுத்தான். தன் வீட்டிலேயே தங்கவைத்தான். செந்தில் பதினெட்டு நாள் இருந்தான். பத்தொன்பதாம் நாள் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு, ஒருத்தரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டான். 'ஏன்டா' என்று போனில் கேட்டதற்கு, 'எனக்கு அங்க தூக்கம் வரலண்ணே. ராத்திரி பகலா சத்தம்' என்றான். சிபாரிசு செய்தவர் முன்னால் தலைகுனிந்து நின்ற அவமானம் சிவநாதனுக்கு. வாயில் வந்ததையெல்லாம் பேசினான். கடைசியில், 'இனிமே எதுக்கும் என்னத் தேடாத. நீ செத்தாக்கூட வரமாட்டேன்' என்று சொல்லிவிட்டான். அன்று சாயங்காலமே அந்த வார்த்தை அவனைக் குத்தத் தொடங்கியது. ஆனாலும் அண்ணன் அல்லவா, தம்பி முதலில் கூப்பிடட்டும் என்று இருந்தான். தம்பியும் அதே வீட்டில் பிறந்தவன்தானே, கூப்பிடவில்லை.

இப்போது அவனுக்கு ஒரே ஒரு காரியம்தான் ஆகவேண்டியிருந்தது. தம்பி கண்மூடுவதற்குள் போய் அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். 'கோவத்துல சொல்லிட்டேன்டா, மனசுல வச்சுக்காத' என்றால் முடிந்தது. அரை நிமிஷ வேலை.

அந்த அரை நிமிஷத்துக்காக அம்பத்தூரிலிருந்து கிளம்பியவனுக்குக் கிளாம்பாக்கம் போய்ச் சேரவே இரண்டரை மணி நேரம் பிடித்தது. மெட்ரோவுக்குத் தோண்டிப்போட்ட தெருக்களில் ஆட்டோ சுற்றிச் சுற்றிப் போனது. மகளுக்குக் காலேஜ் பரீட்சை என்பதால் மனைவியை அடுத்த நாள் வரச் சொல்லியிருந்தான். அவ்வளவு அவசரத்திலும் வழியில் மூன்று கம்பெனி போனுக்குப் பதில் சொன்னான். மூன்று பேருக்கும் நேரில் வந்து பேசுவதாக வாக்குக் கொடுத்தான்.

பஸ் நிலையத்தில் கூட்டம் முட்டி மோதிக்கொண்டிருந்தது. ஒலிபெருக்கியில் ஒரு பெண் ஊர்ப் பெயர்களை அடுக்கிக்கொண்டே போனாள். கண்டக்டர்கள் ஆளுக்கு ஒரு ஊரைக் கூவினார்கள். எட்டரை மணிக்கு, காரைக்கால் வண்டியின் படியில் ஒரு கால் வைத்திருந்தபோது தம்பி மனைவி பிரதீபா கூப்பிட்டாள்.

"மாமா, கண்ணு முழிச்சிருக்காங்க. உங்களத்தான் கேக்குறாங்க. ஒரு வார்த்த பேசுங்களேன். இருங்க, குடுக்குறேன்."

பின்னால் நின்றவன் பெட்டியால் முதுகில் இடித்தான். பக்கத்து வண்டி ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தது. இந்தச் சந்தையில் நின்றுகொண்டா தம்பியிடம் மன்னிப்புக் கேட்பது? குரல் உடைந்து அழுதுவிட்டால் நூறு பேர் வேடிக்கை பார்ப்பார்கள். ஆறு மணி நேரத்தில் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து, கையைப் பிடித்து, அமைதியாகச் சொல்லலாமே. அப்படித்தான் நினைத்தான். நினைத்தது தப்பென்று அப்போது யாரும் சொல்லியிருக்க முடியாது.

"இங்க ஒண்ணும் கேக்கல. நேர்ல வந்து பேசிக்கிறேன், வை" என்று கத்திவிட்டு ஏறி உட்கார்ந்தான்.

பாண்டிச்சேரி வரை அந்த அரை நிமிஷ வாக்கியத்தை மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தான். ஒவ்வொரு சிக்னலும் அவனுக்கென்றே சிவப்பானது போலிருந்தது. பதினொன்றரை மணிக்கு மாமாவைக் கூப்பிட்டான்.

"எப்படியிருக்கான் மாமா?"

"தூங்குறான்" என்றார். "பதறாத. வழியில எறங்கி எதாச்சும் சாப்புடு. மெதுவா வா."

மெதுவா வா! அந்த வார்த்தையைக் கேட்டு எத்தனை வருஷமாயிற்று. சென்னையில் அவனை யாரும் மெதுவாக வரச் சொன்னதில்லை. மனசு கொஞ்சம் ஆறியது. கடலூர் தாண்டியதும் கண்ணயர்ந்தான். சீர்காழியில் விழித்தபோது சன்னல் வழியாக வந்த காற்றில் புழுதி வாசம் இருந்தது. தரங்கம்பாடி கடந்து, காரைக்கால் எல்லை தாண்டியதும் வரிசையாக மதுக்கடைகள் வந்தன. காரைக்காலில் இறங்கியபோது மூன்று மணி ஆகவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கடையைச் சாத்திவிட்டுப் போய்ப் படுக்கிற ஊர் அது. கடைத்தெருவில் பாதிக்கு மேல் பூட்டிக் கிடந்தது. முன்பெல்லாம் அதைப் பார்த்தால் 'சோம்பேறி ஊர்' என்று எரிந்து விழுவான். இன்றைக்கு அந்த வெறிச்சோடிய தெருவைப் பார்க்க அவனுக்கு ஆசையாக இருந்தது. தம்பி எதற்காக ஓடி வந்தான் என்று முதல்முறையாகக் கொஞ்சம் புரிந்தது. அதையும் அவனிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

திருநள்ளாறு வழியாக டவுன் பஸ் உருண்டது. இரண்டு பக்கமும் உளுந்து எடுத்து முடிந்த வயல்கள் காய்ந்து கிடந்தன. அம்பகரத்தூரில் இறங்கி, ஆட்டோ பிடித்து ஊருக்குள் போனபோது நாலு மணி. அவர்கள் தெரு அம்மனுக்குக் காப்புக் கட்டியிருந்தார்கள். தெரு நெடுக வேப்பிலைத் தோரணம். வாசல்தோறும் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டு, அம்மன் வந்தால் பாதத்தில் ஊற்றக் குடத்தில் மஞ்சள் தண்ணீர் வைத்திருந்தார்கள். தம்பி வீட்டு வாசலில் மட்டும் குடம் இல்லை. சீக்காளி கிடக்கிற வீட்டில் யாருக்கு அதற்கெல்லாம் நேரம் என்று எண்ணிக்கொண்டான்.

வீட்டுக்குள் எட்டுப் பத்துப் பேர் இருந்தார்கள். ஒருவரும் பேசவில்லை. பிரதீபா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அவனைப் பார்த்ததும் எழுந்தாள், வாயில் முந்தானையை வைத்து அழுத்திக்கொண்டு திரும்பவும் உட்கார்ந்தாள். மாமா வந்து அவன் தோளைப் பிடித்தார்.

"ரெண்டு நாளா பொட்டுத் தூக்கமில்லடா. இப்பதான் ஊசி போட்டுப் படுக்க வச்சிருக்கு. எழுப்பாத. வாசல்லேருந்து பாத்துட்டு வா."

அறை வாசலில் நின்று பார்த்தான். சன்னல் சாத்தியிருந்தது. கழுத்துவரை போர்த்தியிருந்தார்கள். முகம் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது. உடம்பு பாதியாகிப் போயிருந்தது. ஆனாலும் சிவநாதனுக்கு ஒரு நிம்மதி. தூக்கம் வரவில்லை என்று பட்டணத்தை விட்டு ஓடி வந்தவன், இதோ தூங்குகிறான். தூங்கட்டும். எழுந்ததும் பேசிக்கொள்ளலாம். சத்தம் வராமல் பின்னால் வந்தான்.

"மொதல்ல சாப்புடு" என்றாள் மாமாவின் மனைவி பங்கஜவல்லி. தன் வீட்டிலிருந்து தூக்கில் கொண்டுவந்த சோறும் சாம்பாரும் வாழைக்காய்ப் பொரியலும் இலையில் விழுந்தன.

"செந்தில் எழுந்திரிக்கட்டும் அத்தே, அவனோட பேசிட்டுச் சாப்புடுறேன்."

"பேசலாம். நீ சாப்புடு மொதல்ல. காலையிலேருந்து பச்சத்தண்ணி குடிச்சிருக்க மாட்ட. அப்புறம் எப்ப சாப்புடுவியோ."

அந்தக் கடைசி வார்த்தையிலாவது அவன் நிமிர்ந்து பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. பசி காதை அடைத்தது. அந்த வீட்டின் அமைதியோ, இருபத்திரண்டு வருஷத்து இரைச்சலை ஒரேயடியாகக் கழுவிவிடுகிற மாதிரி இருந்தது. சாப்பிட்டான். நன்றாகவே சாப்பிட்டான். இரண்டாம் தடவை சோறு போடச் சொல்லி மோரும் வாங்கிக்கொண்டான். சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தெருக்கோடியில் பறைச் சத்தம் எழும்பியது. அம்மன் வருகிறாள். மாமா எழுந்து போய் வாசல் கதவை ஒருக்களித்து நின்றார். வெளியே குலவையும், மேளமும், தண்ணீர் ஊற்றும் சத்தமும் ஒவ்வொரு வீடாக நெருங்கி வந்தன. உள்ளே இருந்தவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். பிரதீபாவின் இரண்டு கைகளையும் பங்கஜவல்லி தன் மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். பறை வாசலுக்கு நேராக அடித்தது, கொஞ்சம் நின்றது, பிறகு நகர்ந்தது. தெருமுனை திரும்பியது. சத்தம் தேய்ந்தது.

மாமா உள்ளே பார்த்துத் தலையை அசைத்தார்.

அவ்வளவுதான். வீட்டிலிருந்த அத்தனை பெண்களும் ஒரே நேரத்தில் மாரில் அடித்துக்கொண்டு அலறினார்கள். 'என் ராசா' என்று பிரதீபா அறைக்குள் ஓடிப் போர்வையின் மேல் விழுந்தாள். சிவநாதனின் கையில் மோர்ச்சோறு இருந்தது. எதற்கு அழுகிறார்கள் என்று ஒரு நிமிஷம் அவனுக்கு விளங்கவில்லை. விளங்கியபோது கையிலிருந்ததை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"காலையில பத்து மணிக்கே அடங்கிட்டுடா" என்றார் மாமா. அவர் முகம் கண்ணீரில் நனைந்திருந்தது. "வாய்விட்டு அழுதா அம்மன் பொறப்பட முடியாது. பொணம் தெருவுல கெடக்கையில சாமிய எப்படித் தூக்குறது? காப்புக் கட்டி எட்டு நாளா வெரதம் இருக்குற சனம் இந்தப் பொண்ணத்தான காலத்துக்கும் ஏசும்? நீயும் தனியா வர்ற. வழியில சொன்னா என்ன ஆவியோன்னுட்டு. எடுக்குறவரைக்கும் இனிமே யாரும் வாயில பருக்க வைக்க முடியாது. அதான் சாப்புடச் சொன்னோம்."

ஏழு மணி நேரமாக அந்தப் பெண் அழாமல் உட்கார்ந்திருக்கிறாள். அவனோ செத்த தம்பிக்குப் பத்தடி தள்ளி உட்கார்ந்து மோர் கேட்டு வாங்கியிருக்கிறான். அவர்கள் செய்தது அன்பா கொடுமையா என்று அவனால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. யார்மேல் கோபப்படுவது? கையைக் கழுவிக்கொண்டு அறைக்குள் போனான்.

செந்திலின் முகத்தைத் திருப்பிவிட்டிருந்தார்கள். சிவநாதன் தலைமாட்டில் உட்கார்ந்தான். பஸ்ஸில் ஒத்திகை பார்த்த வாக்கியத்தை இந்த ஓலத்தில் யாரிடம் சொல்வது?

"நாந்தான் காலையில பேசாம வச்சிட்டேன்" என்றான் பிரதீபாவிடம். "நேர்ல சொல்லணும்னு இருந்தேம்மா. அவன்ட்ட சொன்னியா, நான் வர்றேன்னு?"

பிரதீபா நிமிர்ந்தாள். அழுது அழுது குரல் கட்டியிருந்தது. "நான் சொல்லல மாமா. அதுக்குள்ள போன அவங்க காதுல வச்சிட்டேன். நீங்க பேசுனத அவங்களே கேட்டாங்க."

"என்னத்த?"

"நேர்ல வந்து பேசிக்கிறேன், வைன்னீங்களே."

அவன் காத்திருந்தான். சொல்லலாமா வேண்டாமா என்று அவள் பங்கஜவல்லியைப் பார்த்தாள். பிறகு சொல்லிவிட்டாள். அவளுக்கும் தாங்கவில்லை.

"சிரிச்சாங்க மாமா. 'அண்ணன் வராதுடி. அது வீட்டுல பதினெட்டு நாள் இருந்துருக்கேன், எனக்குத் தெரியும். போகாத எடத்துக்குத்தான் அப்படிச் சொல்லும்'னாங்க. 'செத்தாக்கூட வரமாட்டேன்னுச்சு, சொன்னபடியே இருக்கு பாரு'ன்னாங்க. நான் இல்லீங்க, வருவாங்கன்னு எம்புட்டோ சொன்னேன். செவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டாங்க. அப்புறம் பேசவேயில்ல."

சிவநாதன் தம்பியின் காதருகே குனிந்தான். 'வந்துட்டேன்டா' என்றான். இன்னும் சத்தமாகச் சொன்னான். மூன்றாம் தடவை அலறினான். பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார்கள். மாமா வந்து அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, வெளியே கூட்டிப்போய், வாசலில் போட்ட பெஞ்சில் உட்கார வைத்தார்.

சேதி தெரிந்து தெரு திரண்டுவிட்டது. அம்மனோடு போயிருந்த ஆண்கள் ஈர வேட்டியோடு திரும்பி வந்தார்கள். துக்க வீட்டு வழக்கப்படி ஒவ்வொருவராக வந்து அவன் கைகளைத் தொட்டார்கள். முதலில் வந்தவர், தூரத்திலிருந்து வந்தவனிடம் எல்லோரும் கேட்பதைத்தான் கேட்டார்.

"எப்பப்பா வந்த?"

அடுத்தவரும் கையைத் தொட்டு அதையே கேட்டார். அவருக்குப் பின்னால் இன்னும் நாற்பது பேர் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள்.