மாடு குறுக்கே வந்தது

ஆதம்பாவாப் போடியாரின் ஆள் கல்லைக் கேட்டு வந்தபோது றாஹிலா அந்தக் கல்லில்தான் மீன் வெட்டும் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தாள். வந்தவர் கதிர்காமன், வீரமுனைக்காரர். போடியாரின் வயலிலும் நெல் காயப்போடும் இடத்திலும் நெடுங்காலமாக வேலை செய்கிறவர். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் சுற்றிக்கொண்டார். மாரி வெள்ளாமை வெட்டத் தொடங்கியாயிற்று, நாளைக்கு றோட்டில் நெல் பரப்ப வேண்டும், ஒரு கல் குறைகிறது, போடியார் வாங்கிவரச் சொன்னார் என்று நிலத்தைப் பார்த்தபடியே சொன்னார்.

"எந்தக் கல்லு?" என்றாள் றாஹிலா, தெரிந்துகொண்டே.

"உங்கட கைக்குக் கீழ இருக்கிற கல்லுதான் தங்கச்சி."

நிந்தவூரில் மண்ணுக்குப் பஞ்சமில்லை. கல்லுக்குத்தான் பஞ்சம். கடற்கரை ஊர், எங்கே தோண்டினாலும் மணல். வீடு கட்டவும் கிணறு கட்டவும் மேற்கே மலைப்பக்கத்திலிருந்து லொறியில்தான் கல் வரவேண்டும். அதனால் றோட்டில் நெல் காயப்போடுகிறவர்கள் ஆளுக்கொரு கல் வரிசை வைத்திருப்பார்கள். தார் றோட்டின் பாதியில் நெல்லைப் பரப்பி, வாகனம் ஏறாமல் சுற்றிவரக் கல்லை அடுக்குவார்கள். ஒருவரின் கல் மற்றவரின் வரிசைக்குப் போனால் சண்டை வரும். சண்டை வந்துதான் எல்லோரும் கல்லில் பெயின்ற்றால் முதலெழுத்துப் போடத் தொடங்கினார்கள். றாஹிலா கத்தி தீட்டிய கல்லில் சிவப்புப் பெயின்ற்றில் மு.ஆ. என்று இருந்தது. முகம்மது ஆதம்பாவா. அவளுக்கு மாமனாராகப் போகிறவர்.

"தரேலாண்டு போய்ச் சொல்லுங்க," என்றாள்.

குசினிக்குள்ளிருந்து ஆமினா உம்மா ஓடிவந்தாள். "வாயப் பொத்துகா. ஒரு கல்லுக்காக என்ன கத கதைக்காய் நீ," என்று மகளை அதட்டிவிட்டு, கதிர்காமனிடம் பின்னேரம் யாரிடமாவது கொடுத்தனுப்புவதாகச் சொன்னாள். கதிர்காமன் போகவும் மாட்டாமல் நிற்கவும் மாட்டாமல் திண்டாடினார். கடைசியில், "தம்பிக்கு இப்ப கால் எப்பிடி?" என்று கேட்டார். உள்ளே துணிக்குக் கரை அடித்துக்கொண்டிருந்த மக்கீனின் தையல் மெஷின் சற்று நின்று மறுபடி ஓடியது. கையால் சுற்றுகிற மெஷின். மிதிக்கிற மெஷினுக்கு அவனுடைய வலது கால் இனி உதவாது.

மக்கீன் றாஹிலாவின் காக்கா, கூடப்பிறந்த மூத்தவன். வாப்பா மௌத்தாகி, வீடு உழைக்க ஆளில்லாமல் நின்ற பிறகு மோட்டார் சைக்கிளின் பின்னால் துணிமூட்டையைக் கட்டிக்கொண்டு பாலமுனை, ஒலுவில், அட்டாளைச்சேனை என்று வீடு வீடாகப் போய் விற்றான். அந்த மோட்டார் சைக்கிள்தான் தங்கச்சியைப் பேராதனை வரை படிக்கவைத்தது. அவளுக்கென்று வளவின் தெற்குப் பக்கத்தில் ஒரு வீட்டையும் கட்டத் தொடங்கியது. பொம்பிளைக்கு வீடு கொடுத்தால்தான் மாப்பிள்ளை வருவான். தங்கச்சி கரைசேர்ந்த பிறகுதான் காக்கா தன் கலியாணத்தை நினைக்கலாம். இதை யாரும் மக்கீனிடம் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை. சுவர் கூரைமட்டத்துக்கு வந்திருந்தபோது அவன் விழுந்தான். அதன்பிறகு அந்த வீட்டில் கோழிகள் குடியிருக்கின்றன.

போன நோன்பு மாதத்தில் ஒரு பின்னேரம். போடியாரின் நெல் காய்ந்து, கூட்டி, மூட்டையாகி வண்டியில் ஏறிவிட்டது. கல்லைப் பொறுக்குவதற்கு முன் பள்ளியில் பாங்கு சொல்லிவிட்டார்கள். நோன்பு திறந்து, தொழுதுவிட்டு வந்து எடுக்கலாம் என்று போடியாரும் ஆட்களும் போனார்கள். நெல் இல்லாத றோட்டில் கல் மட்டும் கிடந்தது. அதே பாங்குக்கு வீட்டில் இருக்கவேண்டுமென்று மக்கீன் தெற்கேயிருந்து விரட்டிக்கொண்டு வந்தான். காலையிலிருந்து தண்ணீர் படாத தொண்டை. முன் லைட்டின் பல்ப் ஒரு கிழமையாகவே எரிந்துபோய்க் கிடந்தது, பெருநாள் கழியட்டும் என்று விட்டிருந்தான். எதிரே வந்த லொறியின் வெளிச்சம் கண்ணில் அடித்தது. இடப்பக்கம் ஒதுங்கினான். முன்சில்லு கல்லில் ஏறியது. லொறி நிற்கவில்லை. மோட்டார் சைக்கிள் அவனுடைய வலது காலின் மேல் கிடந்தது.

நோன்பில்லாத ஆள் கதிர்காமன் ஒருவர்தான். வண்டிக்குக் காவலாக வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தவர் ஓடிவந்து தூக்கினார். ஒரு காரை மறித்து ஆஸ்பத்திரிக்கு ஏற்றியதும் அவர்தான், பிறகு மோட்டார் சைக்கிளை நெல்வண்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அவர்தான். வண்டியில் அது உருளாமலிருக்கச் சில்லுக்கு அடைகொடுத்தது கையில் அகப்பட்ட ஒரு கல். இறக்கும்போது கல்லும் இறங்கியது.

ஆஸ்பத்திரியில் பொலிஸ்காரர் கட்டிலுக்கு வருவதற்கு முன் மீராமுகைதீன் மரைக்கார் வந்துவிட்டார். பள்ளிவாசல் நிருவாகத்தில் இருக்கிறவர், ஊரில் எந்தப் பிணக்கையும் பொலிசுக்குப் போகவிடாமல் தீர்த்துவைப்பதில் பெயரெடுத்தவர். போடியாரின் மகன் ஷரிபுதீனுக்கு றாஹிலாவைப் பேசி முடித்ததும் அவரே. எல்லாம் அல்லாஹ்வின் களா கத்ர், அவன் விதித்தபடி என்றார். போடியார் பிற ஆளில்லை, சம்பந்தி என்றார். பொலிசு, கோடு, வழக்கு என்று போனால் தங்கச்சியின் கதி என்ன, யோசித்துப் பார் என்றார். மாடு குறுக்கே வந்தது என்று சொன்னால் யாருக்கும் நட்டமில்லை. மாட்டின் மேல் யாரும் வழக்குப் போடுவதில்லை. பொலிஸ்காரர் வந்தார். "என்ன, மாடா?" என்று அவரே கேட்டார். மக்கீன் தலையை ஆட்டினான்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் கடைசிச் சோதனை எழுதிவிட்டு றாஹிலா வந்தாள். அதுவரைக்கும் அவளுக்கு அறிவிக்கவில்லை, படிப்புக் கெட்டுவிடும் என்று. அந்த ஒழுங்கையிலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள் அவள், ஆணிலும் பெண்ணிலும். அவள் தலைக்கு மேலால் எல்லோருமாகச் சேர்ந்து ஒரு மாட்டை ஓட்டிவிட்டிருந்தார்கள். வெட்கமாக இருந்தது. பிறகு கோபம் வந்தது. கோபம்தான் தங்கியது. காக்காவின் கால் போனதற்குக்கூட அல்ல, அதைத் தன் பெயரைச் சொல்லி மூடியதற்கு.

போன மாதம் உம்மாவுக்குத் தெரியாமல் கல்முனைக்குப் போய்ப் பாக்கியராசா லோயரைப் பார்த்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி முழுக்கக் கேட்டார். பிறகு சிரித்தார். "இந்தக் கரையோரத்து மாடுகள் எல்லாத்தையும் கோட்டுக்குக் கூப்பிட்டா எங்களுக்கு வேற கேஸ் வேணாம் பிள்ள," என்றார். அவள் சிரிக்கவில்லை. அதைக் கண்டதும் அவரும் நிறுத்திக்கொண்டு விசயத்துக்கு வந்தார்.

வீட்டில் எல்லோரும் நம்பியிருந்த இன்சூரன்ஸ் கடதாசி ஒன்றுக்கும் உதவாது. அது மக்கீன் மோதி விழுத்துகிற ஆளுக்கு, மக்கீனுக்கு அல்ல. லொறியின் நம்பர் தெரியாது, அதையும் விட்டுவிட வேண்டியதுதான். ஆனால் றோட்டில் கல்லை வைத்துவிட்டுப் போனவர் மேல் நட்டஈட்டு வழக்குப் போடலாம். விழுந்த நாளிலிருந்து ரெண்டு வருசத்துக்குள் போடவேண்டும். லைட் இல்லாமல் வந்தது மக்கீனின் பிழை, அதை மறைக்கக்கூடாது. அதற்குரிய பங்கைக் கழிப்பார்கள், அதற்காக வழக்கு சாகாது. பெரிய சிக்கல் மாடுதான். பொலிசுக்குப் பொய் சொன்னது ஒரு குற்றம், அதைப் பொய் என்று இப்போது சொல்வதற்குத் துணிவு வேண்டும்.

"அதை நீங்க வந்து சொல்லி வேலையில்ல பிள்ள. விழுந்த ஆள் சொல்லோணும். அவர் வாய் திறந்தா மிச்சத்த நான் பாக்கன். கல்லு இருக்கெண்டீங்களே, அதக் கவனமா வைங்க."

மக்கீன் வாய் திறக்கவில்லை. அவள் சொல்லி முடிக்கும்வரை துணியின் கரையை மடித்துக்கொண்டேயிருந்தான். "உன்ட கலியாணம் முடியட்டும்," என்றான். கலியாணம் முடிந்தால் போடியார் மாமனாராகிவிடுவார், பிறகு எந்த முகத்தோடு வழக்கு என்று அவள் கேட்டாள். "பொறகு வழக்கு என்னத்துக்கு," என்றான் அவன். அதோடு அந்தக் கதை நின்றுபோனது. இன்றைக்குக் கல்லைக் கேட்டு ஆள் வரும்வரை.

அஸர் தொழுகைக்குப் பிறகு போடியாரே வந்தார். வெள்ளைச் சாரன், தோளில் துவாய், கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். கெட்ட மனிதர் என்று அவரைச் சொல்ல முடியாது. மக்கீன் ஆஸ்பத்திரியில் கிடந்த நாளெல்லாம் அவர் வீட்டிலிருந்துதான் சோறு போனது. வெள்ளாமை வெட்டினால் முதல் மூட்டை இந்த வீட்டுக்கு வரும். அதனால்தான் அவரைக் கோபிப்பது றாஹிலாவுக்குக் கூடுதல் வேலையாக இருந்தது. உம்மா அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டுக் கதவுச் சீலைக்குப் பின்னால் நின்றாள். மக்கீன் காலை நீட்டியபடி எதிர்க் கதிரையில் இருந்தான். மழையைப் பற்றி, நெல்லின் பதரைப் பற்றி, ஷரிபுதீனுக்கு அக்கரைப்பற்றுப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றம் கிடைக்கப்போவதைப் பற்றிக் கதைத்தார். பிறகு, எழும்பப் போகிறவர்போல, "கல்ல எடுத்துத் தாங்களன், போற போக்கில கொண்டு போறன்," என்றார்.

"கல்லு இல்லாட்டி நாளைக்கு நெல்லுக் காயாதா மாமா?" என்று உள்ளிருந்து றாஹிலா கேட்டாள்.

உம்மா அவளுடைய கையைப் பிடித்து இறுக்கினாள். போடியார் சீலையைப் பார்த்துச் சிரித்தார். "காயும் மகள். கல்லு ஒண்டு பெரிய சாமானில்ல. ஆனா அதில என்ட பேரு இரிக்கி. நீ கல்முனைக்குப் போய் வந்ததும் எனக்குத் தெரியும்." தேத்தண்ணிக் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார். குரலில் கோபமில்லை, வயல் வாய்க்காலுக்குத் தண்ணீர் முறை சொல்கிற குரல்தான். "கல்லு என்ட ஊட்டுக்கு வரட்டும். மாப்பிள உங்கட ஊட்டுக்கு வருவான்."

றாஹிலா கையை உதறிவிட்டுப் பின்பக்கம் போனாள். கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தாள். உம்மா விட்ட பெருமூச்சு வெளியிலும் கேட்டிருக்கும். ஆனால் றாஹிலா போடியாரிடம் போகவில்லை. மக்கீனின் கதிரைக்குப் பக்கத்தில், நீட்டிவைத்திருந்த காலடியில் வைத்தாள். மீன் செதில் ஒன்றிரண்டு அதில் ஒட்டியிருந்தன. "காக்கா, குடுக்கிறதெண்டா நீங்களே குடுங்க. என்ட பேரச் சொல்லிக் குடுக்காதங்க. எனக்கு அந்தக் கலியாணம் வாணா," என்றாள்.

மக்கீன் கல்லைப் பார்த்தான். பிறகு போடியாரைப் பார்க்காமல் கேட்டான்.

"மாமா, அண்டைக்கு ஏன் கல்ல எடுக்கல்ல?"

"பாங்கு சொல்லிட்டாங்க மகன். நோன்போட எல்லாரும் களச்சிப் போயித்தாங்க. தொழுதித்து வந்து எடுப்பமெண்டு..." போடியார் முடிக்கவில்லை. கேள்வியே எதிர்பாராததாக இருந்திருக்க வேண்டும், பதில் உண்மையாகவே வந்துவிட்டது. உடனே அதைத் திருத்தப் பார்த்தார். "றோட்டில நான் மட்டுமா காயப்போடுறன்? ஊரே போடுது. மாடெண்டு சொன்னதும் நீதானே?"

"நான் சொல்லல்ல மாமா. தலைய ஆட்டினன்."

குனிய முடியாத ஆள், கதிரையின் கையைப் பிடித்துச் சரிந்து, ஒற்றைக் கையால் கல்லை இழுத்துத் தன் கதிரைக்குக் கீழே தள்ளிக்கொண்டான்.

"மாடு ஒண்டும் வரல்ல," என்றான்.

போடியார் துவாயை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழும்பினார். ஸலாம் சொல்லிவிட்டுத்தான் போனார், அதில் அவர் தவறவில்லை. வாழைப்பழச் சீப்பு மேசையிலேயே கிடந்தது. உம்மா சீலைக்குப் பின்னால் அப்படியே குந்திவிட்டாள். அன்றிரவு அந்த வீட்டில் யாரும் சோறு போடவில்லை. மீன் ஆணம் அடுப்பிலேயே ஆறியது.

விடிந்து வெயில் ஏறியபோது கல்முனை பஸ்ஸில் மக்கீனும் றாஹிலாவும் ஏறினார்கள். கல் உரச்சாக்கில் சுற்றி அவள் மடியில் இருந்தது. மக்கீன் வலது காலை நடைபாதையில் நீட்டியிருந்தான். கொண்டக்டர் காலை மடக்கச் சொன்னார். "மடங்காது," என்றான் மக்கீன். கொண்டக்டர் காலைப் பார்த்தார், பிறகு பொதியைப் பார்த்தார். "என்ன தங்கச்சி, ஊட்டுக்குக் கல்லு போடப் போறீங்களா?" என்று பகிடியாகக் கேட்டுவிட்டுத் தாண்டிப் போனார். லோயரின் முன்னால் காக்கா இதே வாயோடு இருப்பானா, மறுபடி தலையை மட்டும் ஆட்டுவானா என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது.

ஊர் எல்லையில் பஸ் வேகத்தைக் குறைத்தது. றோட்டின் இடப்பாதி முழுக்க நெல், வெயிலில் மஞ்சளாக விரிந்து கிடந்தது. ஓரத்தில் கல் வரிசை, ஒவ்வொன்றிலும் மு.ஆ. ஒரு மூலையில் மட்டும் கல் இல்லை. அந்த இடத்தில் மண் நிரப்பிய பால்மாப் பேணி ஒன்று நின்றது. காலால் நெல்லைக் கிண்டிக்கொண்டிருந்த கதிர்காமன் நிமிர்ந்து பஸ்ஸைப் பார்த்தார். நீட்டிய கால் வெளியே தெரியாது, ஆனால் ஜன்னலோரம் இருந்த றாஹிலாவைக் கண்டுகொண்டார். எதிரே ஒரு லொறி ஹோர்ன் அடித்துக்கொண்டு வந்தது. பஸ் நெல்லை விட்டு விலகி, எதிர்ப்பக்கம் தாரை விட்டு இறங்கி, மணலில் சாய்ந்து போனது. மடியிலிருந்த கல் வழுக்கியது. அவள் பிடிப்பதற்கு முன் மக்கீனின் கை சாக்குக்குள் நுழைந்து கல்லைப் பிடித்துக்கொண்டது. பஸ் திரும்பவும் தாரில் ஏறிய பிறகும் அவன் கையை எடுக்கவில்லை.