டினைக்குப் பின்னால் பெர்மிட்

லிஜிக்குக் கலைந்து கிடப்பது எதுவும் ஆகாது. கரிம்பாறை மலையிலிருந்த கணினியின் காவல் விதிக் கோப்பைத் திறந்ததும் கை பரபரத்தது. யாரை உள்ளே விடலாம், யாரைத் தடுக்கலாம் என்று ஆளாளுக்கு எழுதிப் போட்ட வரிகள் மேலும் கீழுமாகக் கிடந்தன. கோழிக்கோட்டு அலுவலகத்தில் இருந்தபடியே பெர்ல் மொழியில் குட்டியாக ஒரு ஸ்கிரிப்ட் எழுதினாள். வரிகளை அகர வரிசையில் அடுக்கி அதே கோப்பில் போடு, அவ்வளவுதான். நகலா? அட, இதற்குப் போய் எதற்கு நகல்! ஓட்டிவிட்டுப் பழம்பொரியைக் கடித்தாள்.

மலை உச்சியின் மழைமானி அந்தக் கணினி வழியே அனுப்பும் கணக்கு திரையில் நின்றுபோயிருந்தது.

அந்தக் கணினி விதிகளை மேலிருந்து படிக்கும். முதலில் பொருந்துவதுதான் தீர்ப்பு. 'எல்லாரையும் தடு' என்ற வரி கடைசியில் இருக்க வேண்டியது. இங்கிலீஷில் தடுக்கிற 'டினை' உள்ளே விடுகிற 'பெர்மிட்'டுக்கு முந்தியல்லவா, ஜம்மென்று உச்சியில் போய் உட்கார்ந்துவிட்டது. மலையாளத்தில் எழுதியிருந்தால் அனுமதிக்கு அப்புறம்தானே தடை! பாழாய்ப்போன ஏபிசிடி.

புதிதாக வருபவரைத்தான் அது மறிக்கும். முன்பே உள்ளே போயிருந்த லிஜியின் இணைப்பு மட்டும் உயிரோடிருந்தது. அதுவும் அறுந்தால் மலையேற வேண்டியதுதான், உச்சிக்குப் போகும் சாலையிலோ மண் சரிந்து கிடந்தது.

போன் அடித்தது. கரிம்பாறையிலிருந்து அக்கா பீனா.

"எடீ, மழைக்குப் பயந்து இந்த ஸ்கூல் முகாம்ல அடைஞ்சு கிடந்தது போதும். உச்சியில மழை நின்னுடுச்சாம், கீழ வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாங்க. ஜீப்பு வந்தாச்சு."

"யாரு சேச்சி சொன்னது?"

"முகாம் ஆபீசர்தான். கணக்குல ஒண்ணுமே இல்லையாமே."

வராத கணக்கைப் பூஜ்யம் என்று படித்திருக்கிறார்கள்!

"ஏறாதே சேச்சி! அது பொய்க் கணக்கு!"

"நீ சொன்னா டிரைவர் நிப்பானா? முதல் ஜீப்பு போயே போச்சு, பக்கத்து வீட்டு அம்மிணியும் பிள்ளைங்களும் அதுலதான்."

மேலாளர் சுகுணன் எட்டிப் பார்த்தார். எந்தக் கோளாறுக்கும் அவரிடம் ஒரே வைத்தியம்தான். "லைன் தகராறா மோளே? ரௌட்டர ஒரு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணிடறேன்." கை சுவிட்சுக்குப் போனது.

"சாரே, தொட்டீங்கன்னா கைய உடைச்சிடுவேன்!"

அவர் ஆடிப்போய்க் கையை இழுத்துக்கொண்டார்.

லிஜி ஸ்கிரிப்டில் ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தாள். தலைகீழாக அடுக்கு. இந்தத் தடவை நகல் எடுத்துக்கொண்டு ஓட்டினாள். 'பெர்மிட்' வரிகள் மேலேறின, 'டினை' அடியில் போய் விழுந்தது. திரையில் ஒன்றும் வரவில்லை. மழைமானி தன் நேரத்துக்குத்தான் கதவைத் தட்டும். வாயேன், சனியனே, வாயேன் என்று நகத்தைக் கடித்தாள்.

வந்தது. மழை நிற்கவே இல்லை. காலையில் பெய்ததைப் போல இரண்டு மடங்கு கொட்டியிருந்தது.

ஆபீசரைப் பிடித்துக் கத்தினாள். பீனாவை ஜீப்பிலிருந்து இறக்கிவிட்டார்கள். முதல் ஜீப்பிலோ யாரும் போன் எடுக்கவில்லை. லிஜி சீட்டில் உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் தவித்தாள்.

கடைசியில் பீனாதான் கூப்பிட்டாள்.

"பாலத்துக்கு இந்தப் பக்கமே நிக்குதுடீ அந்த ஜீப்பு. அம்மிணியோட சின்னவன் வாந்தி எடுத்தான்னு நிறுத்தினாங்களாம்."

"பாலம்?"

"பாலத்தக் காணோம்டீ."

லிஜி மேசையில் தலையைக் கவிழ்த்து விம்மி விம்மி அழுதாள். சுகுணன் சார் அன்று முழுக்கச் சுவிட்சுப் பக்கமே போகவில்லை.