குடும்பத்தில் ஒருவர்

டிரைவருக்கு இதயம் தளர்ந்துபோச்சு, ரத்தத்தை முழுசாக இறைக்கத் தெம்பில்லை என்று டாக்டர் சொன்னதிலிருந்து அந்த வீட்டு அடுப்படியில் உப்புக்கு மரியாதை போய்விட்டது. அவருக்குத் தனியாக, தனக்குத் தனியாக என்று சமைக்க மனைவிக்கு மனசு வரவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே சப்பென்ற சாப்பாடு. அதை அவள் முகம் சுளிக்காமல்தான் சாப்பிட்டு வந்தாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது நர்ஸ் அவர் போனில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்திருந்தாள். காலையில் எழுந்ததும் எடை பார்க்கணும், அதைப் போனில் பதியணும். மூச்சு வாங்குதா, கால் வீங்கியிருக்கா, தலைக்கு எத்தனை தலையணை வச்சுப் படுத்தீங்க என்று அது கேட்கும். எல்லாம் சரி என்றால் பச்சை. உடம்பில் நீர் சேர்கிற மாதிரி தெரிந்தால் மஞ்சள், ரொம்பப் போனால் சிவப்பு. அந்தச் செய்தி நர்ஸுக்கும் போகும், குடும்பத்தில் ஒருவருக்கும் போகும்.

அந்த ஒருவராகத் தன் பெயர் இல்லை என்பது அவளுக்கு ஒரு காலை வேளையில்தான் தெரிந்தது. வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். நாத்தனார் போன் செய்தாள்.

"ஏம்மா, நேத்து சமையல்ல உப்பு கொஞ்சம் தூக்கலாப் போச்சா? தம்பிக்கு எடை ஏறியிருக்கே."

"உங்களுக்கு எப்படித் தெரியும் அண்ணி?"

"எனக்குத்தானே போன்ல வருது. மஞ்சள் காட்டுது."

அவளுக்கு வயிறு பற்றி எரிந்தது. அவர் காலை விரலால் அழுத்தி, குழி விழுகிறதா என்று தினமும் பார்க்கிறவள் அவள். நீர் மாத்திரையை எண்ணி எடுத்து வைக்கிறவள் அவள். ஆனால் நாலு தெரு தள்ளி, பள்ளிக்கூட ஆபீஸில் விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருப்பவளுக்கு அவர் உடம்பு முதலில் தெரிகிறது. இவள் அடுப்படியில் என்ன செய்தாள் என்பதுகூட அங்கே போய்விடுகிறது.

"என்னை ஏன் போடலை?" என்று கணவனிடம் கேட்டிருக்கலாம். வாய் வரவில்லை. கேட்டால், அவர் சொல்லப்போகிற பதிலோடு அப்புறம் குடித்தனம் பண்ணணுமே.

அதற்குப் பிறகு எதைப் பார்த்தாலும் குத்தியது. அக்காவும் தம்பியும் போனில் சிரித்துப் பேசினால் குத்தியது. ஒரு கல்யாண வீட்டில் நாத்தனார் நாலு பேர் நடுவில், "அவன் உடம்பு என் கையிலதான் இருக்கு, ஒரு கிலோ ஏறினாலும் எனக்குத் தெரிஞ்சிடும்" என்று சொன்னபோது, பந்தியில் பாதியில் எழுந்து கை கழுவப் போய்விட்டாள்.

ஒருநாள் அவர் குளிக்கப் போன நேரத்தில் போனை எடுத்தாள். குடும்பத்தில் ஒருவர் என்ற இடத்தில் இருந்த எண்ணை அழித்துவிட்டுத் தன் எண்ணைப் போட்டாள். போனை இருந்த இடத்திலேயே வைத்தாள். மறுநாள் தன் போனில் பச்சை வந்து விழுந்தபோது, பிள்ளை பரீட்சையில் தேறின மாதிரி இருந்தது.

நாத்தனார் தம்பியைக் கேட்டாள், "என்னடா, எனக்கு ஒண்ணுமே வரலையே?"

"ஏதோ கோளாறுக்கா. நர்ஸைப் பார்க்கும்போது கேட்கறேன்" என்றார் டிரைவர். மனைவி பாத்திரம் விளக்குகிற சாக்கில் முதுகைத் திருப்பிக்கொண்டாள்.

அவளுக்கு வேலை ஒரு பெரிய சலவைக்கூடத்தில், இஸ்திரிப் பிரிவில். உள்ளே போகும்போது போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். ஒருநாள் ஹோட்டல் விரிப்புகள் மலைபோல வந்துவிட்டன என்று விடிகிறபோதே வரச்சொன்னார்கள். அவர் எழுவதற்குள் கிளம்பிவிட்டாள்.

அன்றைக்குத்தான் சிவப்பு வந்தது. டிரைவர் எடையைப் பதிந்துவிட்டு, கொஞ்சம் படுத்தால் சரியாகிவிடும் என்று போனைக் கூடத்தில் சார்ஜில் போட்டுவிட்டு அறைக்குப் போய்விட்டார். நர்ஸ் அவருக்கு அடித்தாள், எடுக்கவில்லை. மனைவிக்கு அடித்தாள். அது பூட்டிய பெட்டிக்குள் அடித்து அடித்து ஓய்ந்தது.

மதியம் சாப்பிட வெளியே வந்து பெட்டியைத் திறந்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வரிசையாக அழைப்புகள். கடைசியாக நாத்தனார். அந்த எண்ணுக்கு அடித்தாள்.

"ஆஸ்பத்திரியில இருக்கோம். உயிருக்கு ஒண்ணுமில்ல. வா" என்றாள் நாத்தனார். வேறு ஒரு வார்த்தை இல்லை.

காலையில் கூப்பிட்டும் தம்பி போனை எடுக்கவில்லையே என்று மனசு கேட்காமல், நாத்தனார் ஆபீஸில் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து பார்த்திருக்கிறாள். டிரைவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, வாயைத் திறந்து காற்றை அள்ளிக்கொண்டிருந்தாராம்.

வார்டில் அவர் மூக்கில் குழாயோடு தூங்கிக்கொண்டிருந்தார். நர்ஸ் இவளைப் பார்த்ததும், "காலையிலேர்ந்து உங்க நம்பருக்குத்தாம்மா அடிச்சிட்டிருந்தேன்" என்றாள்.

நாத்தனார் திரும்பிப் பார்த்தாள். "உன் நம்பரா?"

மழுப்ப நினைத்தாள். முடியவில்லை. "நான்தான் மாத்தினேன் அண்ணி."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே விட்டுக்கொடுத்திருப்பேனே."

"கொடுத்திருக்க மாட்டீங்க."

நாத்தனார் தம்பியின் கால்மேல் போர்வையை இழுத்துவிட்டாள். பிறகு, "ஆமா, மாட்டேன்" என்றாள். "நீ வந்த பிறகு அவன் என்கிட்ட எதையும் சொல்றதில்ல. தலைவலின்னாகூட உன்கிட்டதான். இந்த போன்தான் எனக்கு அவனைப் பத்தி ஏதோ சொல்லிச்சு. அதையும் பிடுங்கிக்கிட்டே."

இவ்வளவு நாளும் தனக்குத்தான் எரிகிறது என்று நினைத்திருந்தாள் அவள்.

நர்ஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ரெண்டு பேரையும் போடலாமே. யாரும் கேட்கலைன்னு ஒருத்தரோட விட்டுட்டேன்."

சாயங்காலம் அவர் கண் விழித்து, மூச்சு சீரானபிறகு, அவள் கேட்டேவிட்டாள். "முதல்ல ஏன் அண்ணி பேரைக் கொடுத்தீங்க?"

"எப்போ?"

"நர்ஸ் கேட்டப்போ."

அவர் யோசித்தார். "நீ மாத்திரை வாங்கப் போயிருந்தே. அக்கா பக்கத்துல உட்கார்ந்திருந்தா. நம்பர் சொல்லுங்கன்னாங்க, சொல்லிட்டா. ஏன்?"

"ஒண்ணுமில்ல" என்றாள். இதற்காகவா இத்தனை நாள் தின்னாமல் தூங்காமல் வெந்தோம் என்று இருந்தது. கூடவே, அவராக வாய் திறந்து, என் பெண்டாட்டி பேரைப் போடுங்க என்று சொல்லியிருக்கக் கூடாதா என்றும் இருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு அவள் மேற்பார்வையாளரிடம் பேசி, போனை ஏப்ரன் பையில் வைத்துக்கொள்ள அனுமதி வாங்கினாள். செய்தி இப்போது இருவருக்கும் ஒரே நேரத்தில் வருகிறது. யார் முதலில் கூப்பிடுவது என்பதில் மட்டும் போட்டி ஓயவில்லை. ஒரு காலை மஞ்சள் வந்த மறுநொடி நாத்தனார் கூப்பிட்டாள்.

"பார்த்தியாம்மா?"

"நான் அவர் பக்கத்துலயே இருக்கேன் அண்ணி. காலையும் அழுத்திப் பார்த்துட்டேன்" என்றாள். சொல்லும்போது குரலில் ஒரு மிதப்பு ஏறியது அவளுக்கே கேட்டது.

"குழி விழுதா?"

"லேசா. கணுக்கால் வரைக்கும்தான்" என்று சொல்லிவிட்டு, நாத்தனார் கேட்பதற்கு முன்பே மூச்சு, தலையணை என்று மீதியையும் சொல்ல ஆரம்பித்தாள்.