பெட்டி மாறிய எலும்புகள்

தொடையெலும்பை இன்னொரு தடவை திருப்பிப் பார்த்தாள் எனெய்தா. வழவழவென்று இருந்தது. அவள் கணவன் வில்பெர்த்தோ முன்பு ஒருமுறை மரத்திலிருந்து விழுந்து தொடையை முறித்துக்கொண்டபோது கம்பெச்சே நகர ஆஸ்பத்திரியில் தகடு வைத்து முடுக்கி அனுப்பினார்கள். அந்தத் தகடு எங்கே?

அவன் செத்து நாலு வருஷம். ஊர் வழக்கப்படி வெட்டியான் போன மாதம்தான் குழியைத் தோண்டி எலும்புகளை வெளியே எடுத்துப் பெட்டியில் போட்டு வைத்திருந்தான். இறந்தோர் நாளுக்கு முன் எலும்பைத் துடைத்துப் புதுத்துணி மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் போனவர்கள் அழுக்கோடு வீட்டுக்கு வரக் கூச்சப்பட்டு, தெருவிலேயே சுற்றுவார்கள். முதல் தடவை என்பதால் எனெய்தா விடிந்ததும் கல்லறைத் தோட்டத்துக்கு வந்து, பேசிப் பேசி, கொஞ்சிக் கொஞ்சி பிரஷ்ஷால் தேய்த்திருந்தாள். மண்டையோட்டுக்கு ஒரு முத்தம்கூடக் கொடுத்தாயிற்று.

"அண்ணி, அங்க பாருங்க" என்றாள் கணவனின் தங்கை லியோவிகில்தா.

கொஞ்சம் தள்ளி அஸ்தேரியா தன் மகனைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் மடியிலிருந்த எலும்பில் தகடு மின்னியது.

அஸ்தேரியாவின் மகன் ஃபிதென்சியோ குடித்துவிட்டு லாரி ஓட்டி, பக்கத்தில் உட்கார்ந்திருந்த வில்பெர்த்தோவையும் சாவுக்குக் கூட்டிக்கொண்டு போனவன். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஒரே நாளில் புதைத்த இருவரை வெட்டியான் ஒரே நாளில் எடுத்து, பெட்டியை மாற்றித் தொலைத்திருக்கிறான். இத்தனை நேரம் அவள் கொஞ்சியது புருஷனைக் கொன்றவனை.

"அந்தச் சனியனத் தூக்கிச் சுவருக்கு அந்தப் பக்கம் வீசுங்க அண்ணி. நாய் தின்னட்டும்" என்றாள் லியோவிகில்தா, ஊருக்கே கேட்கும்படி.

எனெய்தா மண்டையோட்டைக் கையில் எடுத்தாள். வீசிவிடுவோம் என்றுதான் நினைத்தாள். அஸ்தேரியா பாதி எழுந்தவள் அப்படியே நின்றாள்.

"கீழ போட்டுராத தாயி. உன் கால்ல விழறேன்."

"மாறிப்போச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தகட்டப் பாத்ததுமே தெரிஞ்சுடுச்சு. வாயத் தொறந்தா என் புள்ளய நீ என்ன பண்ணுவியோன்னு பயந்துட்டேன்."

"தெரிஞ்சுமா என் புருஷனத் துடைச்சீங்க?"

"அவன் எங்க வீட்டுல எத்தன நாள் சாப்பிட்டிருக்கான். அழுக்கோட எப்படி விடறது?"

எனெய்தா போய்ப் பார்த்தாள். வில்பெர்த்தோ முழுசாகச் சுத்தமாக இருந்தான். பல்லிடுக்கில்கூட மண் இல்லை. அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. திரும்பி வந்து மண்டையோட்டைப் பெட்டிக்குள் மெதுவாக வைத்தாள்.

"குடு தாயி, கொண்டு போயிடறேன்" என்று பின்னாலேயே வந்த அஸ்தேரியா பெட்டிக்குக் கை நீட்டினாள்.

"இருங்க. வலது கை பாக்கி இருக்கு."

"அத நான் பாத்துக்கறேன்."

"நான் தொட்டத நானே முடிக்கறேன். உக்காருங்க."

லியோவிகில்தா முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போனாள். எனெய்தா பிரஷ்ஷை எடுத்தாள். ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த கை இது. வெறுப்பு கொஞ்சமும் குறைந்தபாடில்லை. ஆனாலும் கட்டைவிரலிலிருந்து ஆரம்பித்தாள். பேசிக்கொண்டேதான் துடைக்க வேண்டும், அதுதான் வழக்கம்.

"குடிச்சுட்டு எதுக்குடா வண்டிய எடுத்த?" என்று கேட்டாள். நாலு வருஷமாக அவள் யாரிடமும் கேட்க முடியாமல் வைத்திருந்த கேள்வி.

அஸ்தேரியா பக்கத்தில் உட்கார்ந்தாள். எனெய்தா அடுத்த விரலை எடுத்து, அதையே மறுபடியும் கேட்டாள்.